ஊடை இல்லாத பாவு: நஸ்ரீன் மொஹமதியின் கோடுகள்

தலைப்பில்லை. சுமார் 1975. தாளில் மை, பென்சில்.

நஸ்ரீன் மொஹமதியின் படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். அடுத்த படத்துக்கு நகர்ந்தால் அதுவும் தலைப்பில்லை, அதுவும் சுமார் 1975. அதற்கடுத்தது சுமார் 1980. இந்த ‘சுமார்’ அவர் போட்டதில்லை, பின்னால் வந்த ஆய்வாளர்கள் போட்டது. தன் முதிர்ந்த காலத்துப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் பெயரும் வைக்கவில்லை, தேதியும் எழுதவில்லை.

ரெட்ரோஸ்பெக்டிவ் என்று கலையுலகம் சொல்லும் பின்னோக்குக் கண்காட்சிக்கு இது பெரிய தலைவலி. ஒரு கலைஞரின் வாழ்நாள் வேலை முழுவதையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து, இங்கே தொடங்கினார், இங்கே திரும்பினார், இங்கே முடித்தார் என்று காட்டுவதுதான் அந்த வடிவத்தின் வேலை. தேதி இல்லாவிட்டால் கதை இல்லை. எனவே ‘சுமார்’ போட்டாவது ஒரு கதையை உண்டாக்கியாக வேண்டும். உண்டாக்கவும் செய்கிறார்கள். அந்தக் கதை நன்றாகவும் இருக்கிறது, உருக்கமாகவும் இருக்கிறது. என் சந்தேகம் எல்லாம், அதைக் கேட்டுக்கொண்டே படங்களைத் தாண்டிப் போய்விடுகிறோமோ என்பதுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு நேர் எதிரான ஒரு மரபு உண்டு. ஜவ்வாது மலை அடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே வெளியிட்டிருக்கிறது. அவற்றில் எடுத்தனூர் நடுகல்லைப் பலருக்கும் தெரிந்திருக்கும். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு என்று காலம் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தியின் பெயர் இருக்கிறது. அவனோடு நின்று திருடர்களைக் கடித்த நாயின் உருவமும், கோவிவன் என்ற அதன் பெயரும்கூட இருக்கிறது. ஒரு நாயோட பேரை 1400 வருஷமா ஞாபகம் வெச்சிருக்கற ஊர்லேர்ந்து போற ஆளுக்கு, ‘தலைப்பில்லை, சுமார் 1975’ என்ற அட்டை ஒருவிதமான அவமதிப்பாகவே முதலில் படும். பெயரும் காலமும் இல்லாமல் ஒன்றை நட்டுவைப்பதா?

நடுகல் ஒரு சாவைச் சொல்ல நடப்பட்டது. அதற்குப் பெயர் வேண்டும். நஸ்ரீனின் தாள் எதைச் சொல்ல வரையப்பட்டது?

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. நஸ்ரீன் 1937ல் கராச்சியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட்டார். குடும்பம் பம்பாய்க்கு வந்தது. அப்பாவுக்கு பஹ்ரைனில் புகைப்படக் கருவிகள் விற்கும் கடை. 1954 முதல் 1957 வரை லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸில் படிப்பு. 60களின் தொடக்கத்தில் பாரிஸ். பம்பாயின் புலாபாய் இன்ஸ்டிட்யூட்டில் வி.எஸ். காய்தொண்டே போன்றவர்களின் அருகாமை. 1972லிருந்து பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் ஆசிரியர். 1990ல், மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள கிஹிமில் இறந்தார். உயிரோடு இருந்தவரை பெரிய சந்தையோ உலகப் புகழோ அவருக்கு இல்லை. 2007ல் ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சியில் படங்கள் வைக்கப்பட்ட பிறகு வெளிநாடுகள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தன. 2013ல் டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் பெரிய பின்னோக்குக் கண்காட்சி. பிறகு 2015 செப்டம்பரில் மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா. 2016 மார்ச்சில் நியூயார்க்கில், மெட்ரோபாலிடன் மியூசியம் நவீன கலைக்கென்று ‘மெட் ப்ராயர்’ என்ற கிளையைத் திறந்தபோது, தொடக்கமாக வைத்த இரண்டு கண்காட்சிகளில் ஒன்று இவருடையது. ஓவியம், கோட்டுப்படம், புகைப்படம், நாட்குறிப்பு என்று 130க்கும் மேற்பட்டவை. (அந்தக் கிளை 2020ல் மூடப்பட்டுவிட்டது.) டெல்லியிலும் மாட்ரிட்டிலும் முன்னின்று ஒருங்கிணைத்த ரூபினா கரோடே, பரோடாவில் நஸ்ரீனிடம் படித்தவர்.

நான் நேரில் பார்த்தது டெல்லியை மட்டும்தான், வேலை நிமித்தமாக நொய்டாவில் இருந்த சில மாதங்களில். மற்ற இரண்டும் நூல்கள் வழியாகத் தெரிந்தவை. கிரண் நாடார் அருங்காட்சியகம் சாகேத்தில் ஒரு மாலுக்குள் இருக்கிறது. வெளியே துணிக்கடை வெளிச்சம், உள்ளே போனால் சட்டகங்களுக்குள் கோடுகள். என்னோடு வந்த நண்பன், அவனும் இன்ஜினியர்தான், பத்து நிமிஷத்தில் சொன்னான்: “டேய், இது நம்ம கிராஃபிக்ஸ் பேப்பர்டா.”

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் நஸ்ரீனைப் பற்றி நான் கேட்ட நல்ல விமர்சனங்களில் அதுவும் ஒன்று.

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்த லட்சக்கணக்கானவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. முதல் வருஷம். தோளில் சார்ட் ஹோல்டர், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டிராஃப்டர், அது யார் முகத்திலோ இடித்து பஸ்ஸில் வாங்கும் திட்டு. அந்த வகுப்பில் முதலில் கற்றுத்தருவது கோடுகளின் இலக்கணம். தடித்த தொடர்கோடு என்றால் கண்ணுக்குத் தெரியும் விளிம்பு. மெல்லிய கோடு அளவு காட்ட. விட்டுவிட்டு வரும் சிறு கோடுகள், பொருளுக்குள் மறைந்திருக்கும் விளிம்பு. நீளம், குட்டை, நீளம் என்று போனால் அது மையக்கோடு. கோட்டின் தடிமனே அதன் அர்த்தம். 2ஹெச் பென்சிலில் போட வேண்டியதை ஹெச்.பி.யில் போட்டால் மார்க் போய்விடும், ஏனென்றால் நீங்கள் வேறு எதையோ சொல்லிவிட்டீர்கள்.

நஸ்ரீனும் டிராஃப்ட்ஸ்மேன்களும் கட்டிடக் கலைஞர்களும் வைத்திருக்கும் அதே வரைகருவிகளைத்தான் பயன்படுத்தினார். 60களில் இங்க் கரைசலாலும் எண்ணெய் வண்ணத்தாலும் கடற்கரை, செடி, நிலம் ஆகியவற்றின் சாயல் உள்ள படங்களைச் செய்தவர், 70களில் வண்ணத்தையும் கேன்வாஸையும் ஏறக்குறைய விட்டுவிட்டு தாள், மை, பென்சில் என்று இறங்கினார். அந்தப் படங்களின் முன்னால் ஒரு இன்ஜினியர் நிற்கும்போது மனம் தன் பழக்கப்படி தேட ஆரம்பிக்கிறது: ஃப்ரன்ட் வியூ எங்கே, டாப் வியூ எங்கே, எந்தப் பொருளின் வரைபடம் இது? இலக்கணம் முழுக்க இருக்கிறது. தடித்தது, மெல்லியது, அறுந்தது, நெருங்கியது, விலகியது எல்லாம். அவை சுட்டிக்காட்டும் பொருள் மட்டும் இல்லை. அதனால் பொருளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய உங்கள் கவனம் போக இடமில்லாமல் கோட்டிலேயே நிற்கிறது.

70களின் ஒரு வகைப் படம் இப்படி இருக்கும். மேசை மேல் வைத்து வரையக்கூடிய அளவுத் தாள். மேலிருந்து கீழாகக் கிடைக்கோடுகள். மேலே இடைவெளி கொஞ்சம் தாராளம். கீழே வர வர நெருக்கம், ஒரு இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடுமோ என்கிற அளவுக்கு. அங்கே வெள்ளைத்தாள் சாம்பல் நிறமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. பிறகு ஒரு பட்டை முழுக்க வெறுமை. மறுபடி கோடுகள், இந்த முறை மை நீர்த்தமாதிரி, பென்சிலா பேனாவா என்று தெரியாதபடி. குறுக்கே செங்குத்தாகவும் சாய்வாகவும் கோடுகள் நுழைகின்றன. எல்லாக் கட்டத்தையும் வெட்டுவதில்லை. சில இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. ஏன் அங்கே நின்றது என்று கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பார்த்தால், அது அரை அங்குலம் தாண்டிப் போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தாள் தட்டையாக இல்லை. ஒரு பகுதி உள்வாங்குகிறது, இன்னொன்று எழும்புகிறது.

இதை மினிமலிசம் என்கிறார்கள். அந்தச் சொல் இப்போது வெள்ளைச் சுவர், மூலையில் ஒற்றைச் செடி, போனில் நாலு ஐகான் என்று ஆகிவிட்டது. என் தொழிலில் எல்லா மீட்டிங்கிலும் வரும் சொல்லும்கூட. ஆப்பில் ஒரு பட்டனை எடுத்துவிட்டால் ஸ்க்ரீன் சுத்தமாகிவிடும். அந்தச் சிக்கல் ஒழிந்துவிடாது, பேக்எண்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் தலையில் விழும். உழைப்பைக் கண்ணிலிருந்து மறைப்பதுதான் அந்த எளிமை. அமெரிக்க மினிமலிஸ்ட் சிற்பிகளிலும் இது உண்டு: டொனால்ட் ஜட் தன் பெட்டிகளைப் பட்டறைகளில் கொடுத்துச் செய்யவைத்தார், கைத்தடம் தெரியக்கூடாது என்பது கொள்கை. நஸ்ரீனிடம் நடப்பது வேறு. வண்ணத்தையும் உருவத்தையும் கதையையும் அவர் குறைத்தார், வேலையைக் குறைக்கவில்லை. ஒரு படத்தில் கோடுகளை எண்ண ஆரம்பித்து 100 தாண்டியதும் விட்டுவிட்டேன். பாதிகூட வந்திருக்கவில்லை. இதில் என்னங்க ‘மினிமம்’?

ஆக்னஸ் மார்ட்டினோடு (1912–2004) ஒப்பிடுவது வழக்கம். இருவரும் கட்டங்கள் வரைந்தார்கள், பெண்கள், தனியாக வாழ்ந்தவர்கள் என்பதால் ஒப்பீடு சுலபமாக வந்துவிடுகிறது. ஆனால் மார்ட்டினின் கட்டம் கேன்வாஸ் முழுக்கச் சமமாகப் பரவி ஓய்வெடுக்கிறது. நஸ்ரீனின் கோடுகளுக்குத் திசையும் வேகமும் உண்டு.

நம் ஆட்கள் சொல்லும் ஒப்பீடு கோலம். புள்ளி, கோடு, பெண் கை, தினசரி ஒழுக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்குக்கோலத்தின் அழகே புள்ளியைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்வதில்தான். நாலு பக்கமும் சமம். நஸ்ரீனின் கோடு எதையும் சுற்றாது, மூடாது, சமநிலையை வேண்டுமென்றே ஒரு மூலைக்குச் சாய்த்துவிடும். நம்மூர் உவமைதான் வேண்டும் என்றால் நான் தறியைச் சொல்வேன். இது இட்டுக்கட்டியதும் இல்லை, அவர் தறிகளைப் புகைப்படம் எடுத்திருக்கிறார். எங்கள் மாவட்டத்து ஆரணி போன்ற நெசவு ஊர்களில் தறியில் ஏற்றுவதற்கு முன் பாவை நீளமாக இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நூற்றுக்கணக்கான இழை, ஒவ்வொன்றும் தனித்தனியாக விறைப்பாக, ஒன்று தொய்ந்தாலும் கண்ணில் படும். இன்னும் துணி ஆகவில்லை. 70களின் கட்டங்களில் பாவும் ஊடையும் இரண்டும் இருக்கின்றன. 80களில் ஊடை போய்விடுகிறது. சாய்ந்த இழைகள் சில, ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து, வெற்றுத்தாளில் எதிலும் கட்டப்படாமல் நிற்கின்றன. ஆனாலும் விறைப்பு குறையவில்லை. எது இழுத்துப் பிடித்திருக்கிறது என்று தெரியாத அந்த விறைப்புதான் இவருடைய ஆகச்சிறந்த சாதனை என்று எனக்குப் படுகிறது.

அலுவலகத்தில் ஒருவரிடம் இந்தப் படங்களைக் காட்டியபோது “பத்து வரி கோடு எழுதினா வந்துடுமே” என்றார். (கோடு, கோடிங் கோடு இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து என்பது இந்தக் கட்டுரைக்குத் தொந்தரவுதான்.) உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். ஒரு லூப், இடைவெளிக்கு ஒரு சூத்திரம், தடிமனுக்கு ஒரு சூத்திரம். வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நஸ்ரீன்தான். ஆனால் அரை நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. மேலே நாலைந்து கோட்டிலேயே சூத்திரம் பிடிபட்டுவிடுகிறது, மீதியெல்லாம் தெரிந்த விடை. சரி, கொஞ்சம் தற்செயலைச் சேர்க்கலாமே? பாரிஸில் வேரா மோல்னார் 1968லிருந்தே கம்ப்யூட்டரையும் பிளாட்டரையும் வைத்து அதைச் செய்திருக்கிறார். ஒழுங்கான சதுரங்களில் ஒரு சதவீதம் ஒழுங்கின்மை என்பது அவருக்குப் பிடித்த விளையாட்டு. அற்புதமான கலைஞர். அங்கே பிசகைத் தருவது எண். நஸ்ரீனின் இடைவெளி மாறும்போது எண் தெரிவதில்லை, சூத்திரமும் தெரிவதில்லை. 41வது கோடு, முந்தைய 40ஐயும் பார்த்த பிறகு போடப்பட்ட மாதிரி இருக்கிறது. என் லூப்புக்கு முந்தைய கோடு நினைவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. இன்றைக்குப் படம் என்பது கேட்டவுடன் வந்து விழும் பொருளாகிவிட்ட நிலையில், ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கப்பட்ட ஒரு தாளின் முன் நிற்பது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் இலக்கிய வாசகர்கள் இங்கே தடுமாறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நமக்கு நவீன ஓவியம் கேலரிகளில் அறிமுகமாகவில்லை, புத்தக அட்டைகளிலும் சிறுபத்திரிகைப் பக்கங்களிலும்தான் அறிமுகமானது. கே.எம். ஆதிமூலம் அதில் முதன்மையானவர். அவருடைய காந்தி கோட்டோவியங்கள், கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் போட்ட படங்கள், இவற்றில் கோடு என்றால் கை. வேகம், அழுத்தம், திடீர்த் திருப்பம், எல்லாமே கையெழுத்து மாதிரி. கோடு என்றால் கலைஞனின் அகம் நேரடியாகத் தாளில் வழிவது என்று பழகிவிட்டோம். (ஆதிமூலமே பின்னால் வண்ண அரூபத்துக்குப் போனார், நம் வாசகர்களில் பாதிப்பேர் கூடப் போகவில்லை.) நஸ்ரீன் தாளில் ஸ்கேலை வைத்ததுமே அந்தப் பழக்கம் அடிவாங்குகிறது. ஸ்கேல் வைத்த கோட்டில் அகம் எப்படி வரும்?

பரோடாவிலும் அவர் காற்றுக்கு எதிராகத்தான் இருந்தார். குலாம் முகம்மது ஷேக், பூபேன் கக்கர் போன்றவர்கள் உருவத்தையும் கதையையும் ஓவியத்துக்குள் திரும்பக் கொண்டுவந்த இடம் அது. 1981ல் ‘ப்ளேஸ் ஃபார் பீப்பிள்’ என்ற கண்காட்சி அந்தப் போக்கின் பிரகடனம் போலவே அமைந்தது. தெரு, வீடு, மனிதர்கள், அரசியல் எல்லாம் கேன்வாஸில் நிறைந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அதே ஊரில், அதே கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, இவர் தாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். சண்டை போட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பக்கத்து ஓவியர்களில் பலரும் அவருக்கு நெருக்கமானவர்கள்.

இப்போது நோய். கடைசி ஆண்டுகளில் நரம்பு சார்ந்த ஒரு நோய் அவருடைய உடல் அசைவுகளின் கட்டுப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தது. அதே காலத்தில்தான் கோடுகள் மேலும் துல்லியமாயின. எந்தக் கண்காட்சிக் குறிப்பை எடுத்தாலும் இந்த முரண் அங்கே இருக்கும். உண்மைதான், மனதைத் தைக்கிறதுதான். கீதா கபூர் அவரைப் பற்றி எழுதிய முக்கியமான கட்டுரையின் தலைப்பிலேயே இரங்கற்பா என்ற சொல் இருக்கிறது. அவருக்கு அது தோழி. எழுதும் உரிமை இருந்தது. எனக்கு மறுப்பு இருப்பது அதை ஒரு சாவியாக மாற்றி எல்லாப் படத்துக்கும் போடுவதில். அப்படிச் செய்தால் 80களின் ஒவ்வொரு சாய்கோடும் நோயை வென்றதற்கான பதக்கமாகிவிடும். பதக்கத்தை யாரும் உற்றுப்பார்ப்பதில்லை, கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஊடையை நீக்கியது ஒரு முடிவு. 70களின் கட்டங்களிலேயே கோடுகள் நடுவில் நின்றுவிடுவதைப் பார்த்தோம், சாய்வு உள்ளே நுழைவதைப் பார்த்தோம். அந்த வழியில் போனால் வந்து சேரும் இடம்தான் 80களின் தாள். நோய் இல்லாமலும் அவர் அங்கே போயிருக்க முடியும் என்று படங்களே சொல்கின்றன.

புகைப்படங்களும் நாட்குறிப்புகளும் இன்னொரு சிக்கல். ஃபதேபூர் சிக்ரியின் கல்தளம், சண்டிகர் கட்டிடங்கள், சாலை, கடல் நீர் மணலில் விட்டுப்போன வரி என்று நிறைய கறுப்புவெள்ளைப் படங்கள் எடுத்திருக்கிறார். அவற்றை அவர் தன் காலத்தில் காட்சிக்கு வைக்கவில்லை. இன்று அவை கோட்டுப்படங்களோடு சேர்த்தே காட்டப்படுகின்றன. தார்ச்சாலைக் கோட்டின் புகைப்படத்தையும் ஒரு சாய்கோட்டுத் தாளையும் ஒன்றாகப் பார்த்ததும் கண் உடனே கணக்கை முடித்துவிடுகிறது: ஓ, அதைப் பார்த்து இதை வரைஞ்சிருக்காங்க. பொருள் இல்லாத வரைபடத்துக்கு ஒரு பொருளைத் தேடிக்கொடுத்துவிட்டோம். ஆனாலும் அந்தப் புகைப்படங்களை மறைத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு நல்லவை. தனி அறையில் தொங்கவிட்டால் போதும்.

நாட்குறிப்பு விஷயத்தில் எனக்குச் சங்கடம் அதிகம். மாட்ரிட், நியூயார்க் கண்காட்சிகளுக்கான நூலின் தலைப்பே, காத்திருத்தலும் தீவிர வாழ்வின் ஒரு பகுதி என்ற பொருளில், அவருடைய நாட்குறிப்பிலிருந்து எடுத்ததுதான். அச்சடித்த டைரிகளில் எழுதியதை அவர் பட்டை பட்டையாக மையால் மூடி, சில சொற்களை மட்டும் மிச்சம் விட்டிருக்கிறார். அந்தப் பக்கங்கள் படங்களாகவே நிற்கக்கூடியவை. அவற்றைச் சட்டமிடலாம். மூடாத வரிகளைப் பிய்த்தெடுத்து பொன்மொழி ஆக்கி இன்ஸ்டாகிராமில் ஓடவிடுவதுதான் உறுத்துகிறது. பெயர்கூட வைக்காமல் விட்டவரின் படத்துக்கு அவருடைய அந்தரங்கத்திலிருந்தே ஒரு தலைப்பை எடுத்து ஒட்டுகிறோம்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் கூகுளில் தேடுவீர்கள். தேடினால் கிடைக்கும். ஆனால் இவ்வளவு நெருக்கமான இணைகோடுகளைத் திரை தாங்காது. இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பிக்சல் அளவை நெருங்கும்போது படத்தில் இல்லாத அலைகள், பட்டைகள், வளையங்கள் எல்லாம் வரும். சிக்னல் ப்ராசஸிங் படித்தவர்களுக்கு இது ஏலியாசிங். ஜூம் செய்தால் வேறு அலை வரும். நஸ்ரீனின் மிக நுட்பமான பகுதிகள்தான் முதலில் சிதையும். அச்சிலும் பாதி போய்விடுகிறது. டெல்லி போகிறவர்கள் சாகேத்தில் கேட்டுப் பாருங்கள், அவர்களிடம் இவருடைய படங்கள் நிறைய இருக்கின்றன, எப்போதும் சுவரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால், அட்டையைப் படிக்காமல், கண்ணாடியில் மூக்கு இடிக்காத தூரத்தில் நில்லுங்கள். ஏதாவது ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து அது முடியும் இடம்வரை போங்கள். பிறகு அடுத்த கோடு.